பராபவ திரும்பி வருகிறது: அறுபதில் கனி பார்க்கப் போகிறவர்கள் இங்கே வாங்க

பொருநைக்கரை
ஏப்ரல் 9, 2026, இரவு 9.40

வருகிற 14-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, சித்திரை ஒன்று. விசுவாவசு முடிந்து பராபவ பிறக்கிறது. நான் பிறந்ததும் ஒரு பராபவதான், 1966 ஆனி மாதம். அறுபது பெயரும் ஒரு சுற்று சுற்றி முடித்து என் வருஷம் மறுபடி வாசலுக்கு வந்து நிற்கிறது. ஒரு மாதமாக இதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள் ஊருக்கு வருகிறாள் என்று கேள்விப்பட்ட மாதிரி.

பராபவ என்றால் தோல்வி, அவமதிப்பு என்று பொருள். சின்ன வயதில் இதை வைத்தே என்னை வம்புக்கு இழுப்பார்கள். நான் பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஜூன் 6-ஆம் தேதி, ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். அதுவரை ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு, அன்றிலிருந்து 7 ரூபாய் 50 காசு. அப்பாவுக்குக் கடையில் கணக்கு எழுதும் வேலை, அதனால் இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வருஷத்துப் பெயரே தோல்வி, ரூபாயும் விழுந்தது, பிறந்ததும் பொட்டப்பிள்ளை என்று ஒரு பெரியம்மா தொட்டில் பக்கத்தில் நின்றே சொன்னாராம். அந்தப் பேச்சு ரொம்ப நாள் என்னோடு வந்தது. பரீட்சையில் மார்க் குறைந்தால் அதுதான் ஞாபகம் வரும், கல்யாணம் தள்ளிப்போனபோதும் அதுதான்.

இப்போது அம்பாசமுத்திரம் பக்கத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். 35 வருஷம் ஆகிவிட்டது. ஜூன் 30-ஆம் தேதி ஓய்வு. முழங்கால் வலி உண்டு, பிரஷர் மாத்திரை உண்டு, கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு இந்தப் புது வருஷத்தை மனசு லேசாக வரவேற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். திட்டம் இதுதான்: காலையில் பழமும் பூவும் கண்ணாடியும் வைத்த தட்டில் கண் விழிக்கிற கனி, அப்புறம் பாபநாசத்தில் ஆற்றுக் குளியல், மதியம் வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடியோடு சாப்பாடு, சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற புளியமரத்தில் ஊஞ்சல் கட்டி ஆடப் போகிறேன். 45 வருஷம் ஆயிற்று ஊஞ்சல் ஆடி.

நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்? வயது ஏற ஏற வருஷப் பிறப்பு உங்களுக்கு எப்படி இருக்கிறது? உண்மையாகச் சொல்லுங்கள்.

குடந்தைக்காரன்
ஏப்ரல் 9, 2026, இரவு 10.15

சகோதரிக்கு வாழ்த்துகள். எனக்கு 71. நாங்கள் கும்பகோணத்துக்காரர்கள், வயதை மகாமகக் கணக்கில்தான் சொல்வோம். 1968-ல் பதின்மூன்று வயதுப் பையனாக அப்பா கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்கினேன். அப்புறம் 1980, 1992, 2004, 2016. ஐந்து ஆயிற்று. 2028-ல் ஆறாவது. பேரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அந்தத் தடவை நான் அவன் கையைப் பிடித்துக்கொள்வேன்.

என் யோசனை, ஆனியில் உங்கள் ஜென்ம நட்சத்திரத்தன்று திருக்கடையூர் போய் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளுங்கள். நாங்கள் அறுபதிலும் போனோம், எழுபதில் பீமரத சாந்திக்கும் போனோம். காலசம்ஹாரமூர்த்தி சன்னதியில் நிற்கும்போது வயது என்கிற பயமே கழன்று போய்விடும். அபிராமி அம்மனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் ஊர் முழுக்க நம்மைப் போலவே மாலையும் கழுத்துமாகக் கிழட்டு மாப்பிள்ளைகளும் கிழட்டுப் பெண்களும்! அவ்வளவு பேரும் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எண்பதில் சதாபிஷேகம் பாக்கி இருக்கிறது, பார்க்கலாம்.

இரவுவானம்
ஏப்ரல் 9, 2026, இரவு 11.05

இந்த இழையில் நான்தான் சின்னவன் போலிருக்கிறது, வயது 41. தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பது பழக்கம், அதனால் இந்த அறுபது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை.

வியாழன் சூரியனை ஒரு முறை சுற்றி வர 11.86 வருஷம், சனி சுற்றி வர 29.46 வருஷம். அறுபது வருஷத்தில் வியாழன் ஏறக்குறைய ஐந்து சுற்று, சனி ஏறக்குறைய இரண்டு சுற்று. அதாவது நீங்கள் பிறந்தபோது இவை இரண்டும் வானத்தில் எங்கே நின்றனவோ, அறுபதில் கிட்டத்தட்ட அங்கேயே வந்து நிற்கும். 1961 பிப்ரவரியில் இரண்டும் ஒன்றுசேர்ந்தன. 2020 டிசம்பர் 21 அன்று மறுபடி சேர்ந்தபோது, நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் அந்தப் பழைய இடத்துக்குப் பக்கத்தில்தான் சேர்ந்தன. அன்று மொட்டை மாடியில் நின்று பார்த்தேன், வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டே தெரிந்தன. அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் 1960-ல் பிறந்தவர். "நான் கைக்குழந்தையா இருந்தப்போ பார்க்காம விட்டதை இப்ப காட்டிட்டே" என்று சொன்னார்.

இன்னொரு கணக்கு. பூமி சூரியனை ஒரு முறை சுற்றி வரும் தூரம் சுமார் 94 கோடி கிலோமீட்டர். அக்கா, அறுபது முடிக்கும்போது நீங்கள் 5640 கோடி கிலோமீட்டர் பயணம் செய்திருப்பீர்கள். முழங்கால் வலிக்கத்தானே செய்யும்.

தைமகள்
ஏப்ரல் 10, 2026, காலை 6.50

தமிழ்ப் புத்தாண்டு தை ஒன்றுதான் என்று நம்புகிறவள் நான். 2008-ல் சட்டம் வந்தபோது எங்கள் தெருவில் இனிப்புக் கொடுத்தோம், 2011-ல் அதை நீக்கியபோது வருத்தப்பட்டோம். இன்னமும் எங்கள் வீட்டில் வருஷம் பொங்கலுக்குத்தான் பிறக்கும். அறுபது வடமொழிப் பெயர்களும் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் பொருநைக்கரை எழுதியதைப் படித்ததும் சண்டை போடத் தோன்றவில்லை, இதை மனதாரச் சொல்கிறேன். ஊஞ்சல் கட்டுங்கள். கயிறு மட்டும் புதுசா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 57. தை ஒன்று அன்று நான் செய்வது ஒன்றே ஒன்று. அதுவரை யாரோடெல்லாம் பேச்சை நிறுத்தியிருந்தேனோ அவர்களில் ஒருவருக்குப் போன் போடுவேன். மனசில் சுமை இருந்தால் எந்த மாதத்தில் பிறந்தாலும் வருஷம் கனக்கத்தான் செய்யும். இந்தத் தையில் என் நாத்தனாரைக் கூப்பிட்டேன். எட்டு வருஷம் கழித்து. இரண்டு பேரும் முதல் ஐந்து நிமிஷம் மூட்டு வலித் தைலத்தைப் பற்றித்தான் பேசினோம்.

பொருநைக்கரை
ஏப்ரல் 10, 2026, மதியம் 1.20

இரவுவானம் தம்பி, அந்த 5640 கோடியை மத்தியானம் சப்-சென்டரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தைமகள், கயிறு புதுசுதான், தேங்காய்நார்க் கயிறு, இரண்டு புரி.

குடந்தை அண்ணாச்சி, நல்ல மனசோடு சொன்னீர்கள், அதற்கு நன்றி. திருக்கடையூருக்கு எங்களால் போக முடியாது. என் வீட்டுக்காரர் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. அறுபதாம் கல்யாணம் என்பது இரண்டு பேராக உட்காருகிற காரியம். அதற்காக நீங்கள் சங்கடப்பட வேண்டாம், அவர்களும் உயிரோடு இருந்திருந்தால் மாலை போட்டுக்கொள்ள வெட்கப்பட்டு வயல் பக்கம் போயிருப்பார்கள்.

விளக்கேற்றி
ஏப்ரல் 10, 2026, மாலை 4.35

பொருநைக்கரை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நான் உன்னைவிட எட்டு வருஷம் மூத்தவள், அக்கா மாதிரி நினைத்துக் கேள். கனி வைப்பது சுமங்கலி செய்ய வேண்டியது. வருஷம் பிறக்கும்போது முதலில் எதைப் பார்க்கிறோமோ அதுதான் வருஷம் முழுக்க என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். உனக்கு மருமகளோ மதினியோ இருந்தால் அவர்களை வைக்கச் சொல்லி நீ அப்புறம் வந்து பாரேன். ஊஞ்சல், ஆறு இதெல்லாம் உன் இஷ்டம். கனி விஷயத்தில் மட்டும் யோசித்துக்கொள்.

பொருநைக்கரை
ஏப்ரல் 10, 2026, இரவு 10.50

விளக்கேற்றி அக்கா, நீங்கள் அன்பாகத்தான் சொல்கிறீர்கள், எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஆச்சியைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஆச்சி முப்பத்தொன்றில் தாலி இழந்தவள். வருஷம் முழுக்க அந்த வீடு அவள் கையில்தான் நடந்தது, நெல் அவிப்பது முதல் கன்றுக்குட்டிக்குப் புண் வந்தால் மருந்து போடுவது வரை. சித்திரை விஷு அன்று மட்டும் விடிகிற நேரத்தில் அவள் தொழுவத்துக்குப் போய்விட வேண்டும். எல்லோரும் கனி பார்த்து, பெரியவர்கள் காலில் விழுந்து, காசு வாங்கி முடிந்த பிறகு யாராவது போய்க் கூப்பிட்டால்தான் உள்ளே வருவாள். அவள் முகத்தில் யாரும் முழித்துவிடக் கூடாதாம். யாரும் அதை அதட்டிச் சொன்னதில்லை, அவளாகவே போய்விடுவாள், மாடுகளுக்கு வைக்கோல் போடுகிற சாக்கில்.

ஆனால் முந்தின ராத்திரி கனி அலங்காரம் பண்ணுகிறவள் யார்? ஆச்சிதான். அவள் அளவுக்கு அழகாக வேறு யாருக்கும் வராது. பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம், வெள்ளரி, வெற்றிலை பாக்கு, சரக்கொன்றைக் கொத்து, அம்மாவின் இரட்டை வடம் சங்கிலி, நடுவில் சாய்த்து வைத்த பெல்ஜியம் கண்ணாடி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. காலையில் கண்ணைப் பொத்திக் கூட்டி வருவார்கள், கையை எடுத்ததும் பழத்துக்கும் பூவுக்கும் நடுவில் நம் முகம் தெரியும்.

எனக்கு ஏழோ எட்டோ இருக்கும். ராத்திரி தாகம் எடுத்து எழுந்து வந்தேன். எல்லோரும் தூக்கம். ஆச்சி ஒரே ஒரு திரி மட்டும் ஏற்றிவிட்டு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கொன்றைக் கொத்தில் ஒரு பூவைக் கிள்ளிக் காதோரம் வைத்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் பயப்படவில்லை, பக்கத்தில் இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. காதுக்குள் சொன்னாள்: "வருஷா வருஷம் நாந்தாம்ட்டி முதல்ல பாக்கேன். ஒங்கம்மைகிட்ட சொல்லிராத."

அப்போது ஆச்சிக்கு அறுபது வயதுதான் இருக்கும். இப்போது எனக்கு.

35 வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்ததும் முதலில் பார்த்த முகம் என்னுடையது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் போன பிறகும் பிள்ளைகள் பிறந்தன, நான்தான் துடைத்துத் தாய் கையில் கொடுத்தேன். எந்தத் தாயும் உன் முகத்தில் என் பிள்ளை முழிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அக்கா, அதனால்தான் இந்தச் சித்திரைக்குக் கனியை நானே வைக்கிறேன், நானே முதலில் பார்க்கிறேன், விடிந்த பிறகு வெளிச்சத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. தெருவில் என்னைப் போல இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களையும் கூப்பிட்டிருக்கிறேன். ஆற்றுக்குப் போவதும் அவர்களோடுதான்.

பனங்கிழங்கு
ஏப்ரல் 11, 2026, அதிகாலை 3.10

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சி, இப்ப இருக்கிறது கனடா ரொறன்ரோவில. வயது 66. பொருநைக்கரை, உங்கட ஆச்சியை வாசிச்சு அழுது முடிச்சிட்டு எழுதுகிறேன்.

எங்கட பக்கம் வருசப் பிறப்பெண்டால் முதலில் மூலிகை போட்டுக் காய்ச்சின மருத்துநீர். புண்ணியகாலத்தில் அதைத் தலையில் வைத்துத்தான் முழுக்கு. தலைக்கு ஒரு இலை, காலுக்கு ஒரு இலை, எந்த இலை என்று அந்த வருசப் பஞ்சாங்கத்தில் இருக்கும். அம்மம்மா எங்களை வரிசையில் நிற்பாட்டி உச்சியில் மருத்துநீரைத் தேய்ப்பா, கண்ணுக்குள் போகும், கத்துவோம். பிறகு புது உடுப்பு, கோயில், பெரியாக்களிட்ட கைவிசேசக் காசு. பின்னேரம் போர்த்தேங்காய். ஒருத்தர் தேங்காயை நிலத்தில் வைக்க மற்றவர் தன்ர தேங்காயால் அடிப்பார், உடையாத தேங்காய்க்காரனுக்குத்தான் வெற்றி. வயிரமான தேங்காயைத் தேடி ஊரெல்லாம் அலைவோம்.

இங்க ஏப்ரலில் சில வருசம் பனி கொட்டும். கோயிலில் மருத்துநீரைச் சின்னப் போத்தலில் தருவினம். போன வருசம் குளியலறையில் நின்று என்ர உச்சியில் நானே தேய்த்துக்கொண்டேன், மயிர் குறைஞ்சு போனதால் அந்தக் குளிர் நேரே மண்டையில் பட்டது. அந்த நிமிசம் எனக்கு ஏழு வயது. பேரப்பிள்ளைகள் கதவுக்கு வெளியில் நின்று "அம்மம்மா ஏன் சிரிக்கிறா" என்று கதைக்கிறது கேட்டது. இந்த முறை அவையளையும் வரிசையில் நிற்பாட்டப் போகிறேன்.

தனிமரம்
ஏப்ரல் 11, 2026, இரவு 8.25

வணக்கம். இரண்டு வருடமாகப் படிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. சேலம் பக்கம். பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவன், 64 வயது.

என் மனைவி போன ஐப்பசியில் இறந்துவிட்டார். ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள், பொங்கலும் அப்படியே போனது. எனக்கும் மனம் இல்லை. மகள் புனேவில் இருக்கிறாள், வரச் சொல்கிறாள். வீட்டை விட்டுப் போகப் பிடிக்கவில்லை.

நேற்று இந்த இழையில் சகோதரி தன் வீட்டுக்காரர் வெட்கப்பட்டு வயல் பக்கம் போயிருப்பார் என்று எழுதியதைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஐந்து மாதத்தில் இந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் முதல். சிரித்த உடனே ஏதோ திருடிய மாதிரி ஆகிவிட்டது. அவளுடைய சேலை இன்னும் கொடியில்தான் இருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் சிரிக்கலாமா? இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

பொருநைக்கரை
ஏப்ரல் 11, 2026, இரவு 9.30

அண்ணா, சிரிக்கலாம்.

எனக்கு முதல் சிரிப்பு பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே வந்தது. அவர்களுடைய ஸ்கூட்டரை விற்க வந்த புரோக்கர் உதைத்து உதைத்துப் பார்த்தும் வண்டி கிளம்பவில்லை, அவர்கள் மட்டும் ஒரு தட்டுத் தட்டிக் கிளப்புவார்கள், வேறு யாருக்கும் அது பிடிபடாது. சிரித்துவிட்டு நானும் உங்களைப் போலவே சமையலறைக்குள் ஓடிப்போய் நின்றேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தச் சிரிப்பில் அவர்கள் இருந்தார்கள். அழுகையில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தார்கள்.

பண்டிகை வேண்டாம் என்றால் வேண்டாம், முதல் வருஷம் நானும் கொண்டாடவில்லை. கோலம் போட வேண்டாம், புதுத்துணி வேண்டாம். ஒரே ஒரு பச்சடி மட்டும் செய்யுங்கள். அது பண்டிகைக் கணக்கில் வராது, அன்றைக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கறி, அவ்வளவுதான். உங்கள் பக்கம் மாங்காய்க்கா பஞ்சம்?

தனிமரம்
ஏப்ரல் 11, 2026, இரவு 9.52

பின்கட்டில் அவள் வைத்த மரமே இருக்கிறது. இந்த வருடம் நிறையக் காய். பறிக்காமல் விட்டிருக்கிறேன்.

குடந்தைக்காரன்
ஏப்ரல் 12, 2026, காலை 7.15

பொருநைக்கரை, திருக்கடையூர் என்று நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஆச்சி கதையை வீட்டம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டிலும் என் அத்தை அப்படித்தான் வருஷப் பிறப்பன்று கொல்லைப்புறத்தில் இருப்பார். போய்க் கூப்பிட வேண்டும் என்று பதினைந்து வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. அத்தை 1983-ல் போய்விட்டார். இப்போது தோன்றுகிறது.

இன்னொன்று. நீங்கள் பிறந்த அதே பராபவ முடிவதற்குள்தான், மாசி மாதம், 1967 மார்ச் 6 அன்று, அண்ணா முதலமைச்சராகப் பதவி ஏற்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, எங்கள் தெருவே விடிய விடியத் தூங்கவில்லை. தோற்ற வருஷம் என்று பெயர் வைத்தவர்கள் யாரோ, அந்த வருஷத்தில் ஜெயித்தவர்கள் எத்தனையோ பேர். உங்கள் பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை நான் சொல்லிவிட்டேன்.

சியோல்_வாசி
ஏப்ரல் 12, 2026, மாலை 5.40

நான் கொரியாவில் வேலை பார்க்கிறேன், 38 வயது. இங்கே பழைய வழக்கப்படி பிறந்த அன்றே ஒரு வயது, அப்புறம் புத்தாண்டு பிறந்தால் நாட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரு வயது கூடும். 2023 ஜூனில் அதை மாற்றி, பெரும்பாலான அரசாங்கக் கணக்குக்குப் பிறந்த நாளை வைத்துத்தான் வயது என்று ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் புத்தாண்டு அன்று அரிசி மாவு வில்லைகள் போட்ட ஒரு சூப் உண்டு, அதைக் குடித்தால்தான் ஒரு வயது ஏறும் என்று சொல்வார்கள். நான் வேலை செய்யும் இடத்துப் பாட்டி ஒருவர் எனக்கு இரண்டாவது கிண்ணம் ஊற்றும்போதெல்லாம் "இன்னும் ஒரு வயசு" என்று சிரிப்பார்.

அக்கா, மாங்காய்ப் பச்சடிக்கு அளவு சொல்லுங்கள். அம்மா செய்வார், கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஊரில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை
ஏப்ரல் 12, 2026, இரவு 8.05

ஒரு பெரிய மாங்காயைத் தோல் சீவித் துண்டு போட்டு, முங்குகிற அளவு தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்பும் மஞ்சளும் போட்டு வேகவையுங்கள். கரண்டியால் அழுத்தினால் மசிய வேண்டும். முக்கால் கிண்ணம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, கெட்டியாகும்வரை கொதிக்கட்டும். எண்ணெயில் கடுகு, இரண்டு வற்றல் மிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். காய்ந்த வேப்பம்பூ ஒரு ஸ்பூன் நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, பரிமாறுகிற நேரத்தில் மேலே தூவுங்கள். முன்னாலேயே போட்டால் பச்சடி முழுக்கக் கசந்துவிடும்.

நான் செவிலியராகச் சொல்வது: வெல்லம் என்றால் சர்க்கரை ஏறாது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏறும். அப்பாவுக்கு வெல்லத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரு கரண்டி மட்டும், சோற்றோடு சேர்த்து. கரண்டியை அம்மாவிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். வேப்பம்பூவுக்குக் கணக்கு இல்லை, எங்கள் வேம்பு இப்போது கொட்டித் தீர்க்கிறது. ராத்திரி மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தால் காலையில் படி கணக்கில் அள்ளலாம்.

விளக்கேற்றி
ஏப்ரல் 13, 2026, காலை 11.30

பொருநைக்கரை, இரண்டு நாளாக எழுதவில்லை, படித்துக்கொண்டுதான் இருந்தேன். என் தங்கை கரூரில் இருக்கிறாள், அவளும் தனியாகத்தான். வருஷப் பிறப்பு அன்று அவள் எனக்குப் போன் பண்ணுவது மத்தியானத்துக்கு மேல்தான், ஏனென்று இத்தனை வருஷம் நான் கேட்டதில்லை. நாளைக் காலையில் முதலில் அவளுக்கு வீடியோ கால் போடப் போகிறேன், கனித் தட்டை வைத்த கையோடு.

உனக்குச் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஆற்றில் படியைப் பார்த்து இறங்கு, பாசி இருக்கும்.

பொருநைக்கரை
ஏப்ரல் 14, 2026, இரவு 10.20

கை கால் எல்லாம் வலிக்கிறது, தூங்குவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

ராத்திரியே தாம்பாளம் அடுக்கினேன். ஆச்சியின் பெல்ஜியம் கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது, ஓரத்தில் ரசம் போய்விட்டது. ஐந்தரைக்கு எழுந்து, கண்ணைத் திறக்காமல் சுவரைத் தடவிக்கொண்டே வந்து உட்கார்ந்தேன். திறந்தால் நரைத்த தலையோடு ஒரு பொம்பளை, கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு மாம்பழம். இவ்வளவு நாளும் கண்ணாடியில் நரையைத்தான் பார்த்திருக்கிறேன், கண்ணுக்குக் கீழே கருப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்திருக்கிறேன். பழத்துக்கும் பூவுக்கும் தங்கத்துக்கும் நடுவில் இருந்ததாலோ என்னவோ இன்றைக்கு அந்த முகம் தட்டில் இருக்க வேண்டிய பொருளாகவே தெரிந்தது. ஆச்சி ஜாடை அப்படியே இருக்கிறது. ஒரு கொன்றைப் பூவைக் கிள்ளிக் காதில் வைத்துக்கொண்டேன், எடுக்கவில்லை.

ஆறு மணிக்கு ஆறு பேரில் நான்கு பேர் வந்தார்கள். இரண்டு பேரை வீட்டில் விடவில்லை. ஒருத்தி வாசல்படி வரை வந்து நின்றுவிட்டாள், 74 வயது, கணவர் இறந்து ஐம்பது வருஷம். நான் போய்க் கண்ணைப் பொத்தித்தான் கூட்டி வந்தேன், சின்னப்பிள்ளையைக் கூட்டி வருகிற மாதிரி. கையை எடுத்ததும் அவள் கண்ணாடியைப் பார்த்து, "யாரு இது, எங்கம்மை மாதிரி இருக்கா" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. நான் எல்லோருக்கும் பதினோரு ரூபாய் கொடுத்தேன், அவள் எனக்கு முடிச்சிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக் கொடுத்தாள்.

பாபநாசத்தில் நல்ல கூட்டம். படித்துறையில் ஐந்து பேரும் கை கோத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினோம். விளக்கேற்றி அக்கா சொன்ன மாதிரி பாசிதான். தண்ணீர் குளுகுளுவென்று இருந்தது, அங்கே மீன் எக்கச்சக்கம், காலைக் கடித்துக் கூச்சம் காட்டியது. 74 வயதுக்காரி மூன்று முழுக்குப் போட்டுவிட்டு நான்காவதும் போட்டாள், எதற்கு என்றால் சும்மா என்றாள். கோயிலில் அகத்தியருக்குத் திருமணக் காட்சி கொடுக்கிற நிகழ்ச்சி இருக்கிறது, அதுவரை நிற்க முழங்கால் விடவில்லை, சாமியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

ஊஞ்சல். முதலில் நான் ஏறினேன், புளியங்கிளை தாங்குமா என்று பயம். தாங்கியது. பின்னால் இருந்து தள்ளியவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து 135 வயது. மேலே போகும்போது அடிவயிற்றில் ஒரு கூச்சம் வருமே, அது அப்படியே இருக்கிறது. 45 வருஷத்தில் அதற்கு மட்டும் வயது ஆகவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தங்கள் முறை எப்போது என்று வரிசையில் நின்றார்கள். இருட்டுகிறவரை நாங்கள் கொடுக்கவில்லை.

நாளைக்குப் புதன், தடுப்பூசி நாள். எட்டு மணிக்கு நிற்க வேண்டும்.

இரவுவானம்
ஏப்ரல் 14, 2026, இரவு 10.41

5640 கோடியில் அந்த ஊஞ்சல் தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

பனங்கிழங்கு
ஏப்ரல் 15, 2026, அதிகாலை 2.30

பேரப்பிள்ளைகள் மூன்று பேரையும் வரிசையில் நிற்பாட்டினேன். சின்னவன் கத்தின கத்தில் மருமகன் ஓடி வந்து, அவரும் வரிசையில் நின்றார்.

தனிமரம்
ஏப்ரல் 15, 2026, காலை 9.10

பச்சடி செய்தேன். வேப்பம்பூ கொஞ்சம் கருகிவிட்டது. மகளை வீடியோவில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன், அவளும் அங்கே செய்திருந்தாள், அம்மா செய்கிற பதம் இரண்டு பேருக்கும் வரவில்லை, அதைச் சொல்லிக்கொண்டே இரண்டு பேரும் சிரித்தோம், அழவும் செய்தோம். இந்தத் தடவை திருடிய மாதிரி இல்லை.

நேற்று ஏணி வைத்து மரத்தில் முக்கால்வாசி பறித்துவிட்டேன். ஐம்பது காய்க்கு மேல் இருக்கும். அக்கம்பக்கம் கொடுத்தது போக முப்பது காய் மிச்சம். என்ன செய்வது? அவள் வற்றல் போடுவாள், ஜாடி இருக்கிறது, எப்படி என்று தெரியவில்லை.

பொருநைக்கரை
ஏப்ரல் 15, 2026, மதியம் 2.15

இப்போதுதான் வேலை முடிந்தது. ஜாடியைக் கழுவி ஈரம் போக வெயிலில் வையுங்கள். காயைக் கழுவித் துடைத்து நீளவாட்டில் துண்டு போடுங்கள், கொட்டையை எடுத்துவிடுங்கள். கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டுப் பிசறி ஜாடியில் மூன்று நாள், தினம் ஒரு தடவை குலுக்க வேண்டும். மூன்றாம் நாள் பார்த்தால் நிறையத் தண்ணீர் விட்டிருக்கும், கெட்டுப்போய்விட்டது என்று பயந்து கொட்டிவிடாதீர்கள். பகலில் துண்டுகளை மட்டும் பாயில் காயவைத்து, ராத்திரி அதே உப்புத் தண்ணீரில் திரும்பப் போட்டு வையுங்கள். தண்ணீர் முழுக்க வற்றுகிறவரை இப்படியே. இந்த வெயிலுக்கு ஒரு வாரம் பிடிக்கும். அணில் வரும், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.